சிஸ்டம் இருந்த வீடு

கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் கலந்தாய்வு முடிந்த வாரம் அடுத்த வீட்டு அக்கா எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். மகளுக்குப் பிள்ளைச்சாவடியில், புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. அந்த மகிழ்ச்சியோடு ஒரு வழக்கையும் கொண்டுவந்திருந்தார்கள். “லேப்டாப்தான் வேணும்னு நிக்கிறா தம்பி. அவங்க அப்பா, சிஸ்டமா வாங்கிப் போட்டா சின்னவனுக்கும் ஆவும், வீட்டுக்கும் ஆவும்ங்கிறாரு. கையில அம்பதாயிரம் இருக்கு. நீ இந்தத் தொழில்லயே இருக்கிறவன், சொல்லு.”

இருபது வருடத்துக்கு மேலாக டி.டி.பி. வேலை பார்க்கிறேன். கேட்டதும் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. “நாளைக்குச் சொல்றேங்க்கா” என்று அனுப்பிவிட்டேன். அன்று இரவு யோசித்துப் பார்த்தபோது, அந்தக் கேள்வியே எங்கள் தெருவுக்குப் புதிது என்று தோன்றியது.

1999-ல் எங்கள் முத்தியால்பேட்டையில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கணினி என்றால் சிஸ்டம், அதாவது மேசைக் கணினி. லேப்டாப் என்பது சினிமாவில் வில்லன் திறந்து மூடும் பொருள். விலை லட்சத்துக்கு மேல். அப்பா முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. ஆலையில் வேலை பார்த்தார். பி.எஃப்.பில் கடன் எடுத்து, அம்மாவின் சீட்டுப் பணத்தையும் சேர்த்து 38,000 ரூபாய் புரட்டினார். மாமாவுக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் சிஸ்டம் சேர்த்துக் கொடுப்பவர். அவரோடு நானும் சென்னைக்குப் பஸ் ஏறினேன். ரிச்சி தெருவில் மதர்போர்டு ஒரு கடை, ஹார்டு டிஸ்க் இன்னொரு கடை, ராம் மூன்றாவது கடை. ஒவ்வொரு கடையிலும் அண்ணன் பேரம் பேசினார். நான் சாமான்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பும்போது 15 அங்குல மானிட்டர் அட்டைப்பெட்டியை மேலே போட மனம் வராமல், புதுச்சேரி வரும்வரை மடியிலேயே வைத்திருந்தேன். கால் மரத்துப் போனது இன்றும் நினைவிருக்கிறது.

செலரான் சில்லு, 32 எம்.பி. ராம், 4.3 ஜி.பி. ஹார்டு டிஸ்க். இன்று சட்டைப்பையில் இருக்கும் சாதாரண போனில் 6 ஜி.பி. ராம் இருக்கிறது, அந்த சிஸ்டத்தைப்போல ஏறத்தாழ இருநூறு மடங்கு. ஆனாலும் அந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்த நாளில் ஹாலின் அமைப்பே மாறியது. டி.வி.யை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, ஆசாரி செய்த மேசை அந்த இடத்தைப் பிடித்தது. கீபோர்டுக்கென்று இழுக்கும் தட்டு. அம்மா பழைய புடவையைக் கிழித்து மானிட்டருக்கும் சி.பி.யூ.வுக்கும் உறை தைத்தார். ஆயுத பூஜையன்று அப்பாவின் சைக்கிளுக்கும் அரிவாள்மணைக்கும் பக்கத்தில் சி.பி.யூ.வுக்கும் சந்தனப் பொட்டு. யார் எத்தனை மணிக்கு உட்காரலாம் என்று தங்கை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். அதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் பெயரும் இருந்தது. கணினி ஓர் இடத்தில் இருந்தது. நாங்கள் அதனிடம் போனோம்.

அதைத் திறக்கவும் தெரிந்துகொண்டோம். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். சி.பி.யூ.வின் பக்கவாட்டுத் தகட்டைத் திருப்புளியால் நாலு திருகு கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். திரை வராமல் ‘பீப் பீப்’ என்று கத்தினால் ராமைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருக வேண்டும். பத்துக்கு ஏழு தடவை திரை வந்துவிடும். கடல் காற்றில் ஏறிய களிம்புதான் காரணம் என்று அண்ணன் சொல்லிக் கொடுத்தார். தேதி தானாகப் பழைய வருடத்துக்குப் போனால் மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. கைக்கடிகாரக் கடையில் அதே பேட்டரி கிடைக்கும். கோடையில் ஃபேனில் சேரும் தூசியை சைக்கிள் பம்பு வைத்து ஊதுவோம். மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். புகைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஆறு வருடத்தில் அந்தப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக எல்லாமே மாறிவிட்டன. தகடு மட்டும் பழையது. அப்படியும் அதை “1999-ல வாங்குன சிஸ்டம்” என்றுதான் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. புதுச்சேரி, கணினி செய்த ஊர். ஊருக்கு வடக்கே ஆரோவில்லில் 1980-களிலேயே ஆரெலெக் என்ற நிறுவனம் கணினி செய்து விற்றது. பிறகு தொழில் வளராத பகுதி என்ற கணக்கில் புதுச்சேரிக்கு வருமான வரிச் சலுகை கிடைத்தது. விற்பனை வரியிலும் அனுகூலம் இருந்தது. கணினியின் உள்பாகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. இங்கே நடப்பது அவற்றைப் பூட்டி, ஓடவிட்டுச் சோதித்து, பெட்டியில் அடைக்கும் வேலை. அதை எந்த ஊரிலும் செய்யலாம் என்பதால் கம்பெனிகள் வரி குறைந்த ஊரைத் தேடி வந்தன. எச்.சி.எல். சேதராப்பட்டில் ஆலை வைத்தது. விப்ரோ வந்தது, ஏசர் வந்தது, ஐ.பி.எம். வந்தது. எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பெண்கள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போவார்கள். கையில் மண் இணைப்புப் பட்டை கட்டிக்கொண்டு மதர்போர்டைத் தொட வேண்டும், இல்லையென்றால் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தில் சில்லு செத்துவிடும் என்பதை நான் முதலில் கேட்டது அவர்களிடம்தான். மும்பையிலோ பாட்னாவிலோ ஓர் அலுவலகத்தில் கணினியைத் திருப்பிப் பின்பக்கச் சீட்டைப் பார்த்தால், அதில் புதுச்சேரி என்று இருக்க வாய்ப்பு அதிகம் என்று பெருமையோடு சொல்வார்கள்.

2005-ல் எச்.சி.எல். 9,990 ரூபாய்க்கு ஒரு மேசைக் கணினியை அறிவித்தது. பத்தாயிரத்துக்குள் கணினி என்பது அன்று பெரிய பேச்சு. எங்கள் வீட்டில் 38,000-க்கு வாங்கி ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. அதே ஆண்டு ஐ.பி.எம். தன் தனிநபர் கணினித் தொழிலை முழுக்கச் சீனத்தின் லெனோவாவிடம் ஒப்படைத்தது. புதுச்சேரி ஆலையும் அதோடு கைமாறியது. 2008-ன் மூன்றாம் காலாண்டில் உலகில் முதன்முறையாக மேசைக் கணினியைவிட மடிக்கணினி அதிகமாக விற்றது. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் வேலை பார்த்த டி.டி.பி. கடையில் ஒரு லேப்டாப்கூட இல்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரிந்தது. 2013-ல் எச்.சி.எல்.லும் விப்ரோவும் கணினித் தயாரிப்பை விட்டு விலகின. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும், பொருள் எங்கே செய்யப்படுகிறது என்பதைவிட எங்கே விற்கப்படுகிறது என்பதே வரிக்கு முக்கியமாகிவிட, சின்ன யூனியன் பிரதேசத்தின் பழைய வரி அனுகூலமும் போய்விட்டது.

லெனோவா இன்னும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் மத்திய அரசு லேப்டாப் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு அறிவித்த பிறகு, உள்நாட்டில் செய்யும் ஆலைகளுக்கு மறுபடி மதிப்பு ஏறியது. 2024 செப்டம்பரில், செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்களை ஆண்டுக்கு 50,000 வீதம் இதே புதுச்சேரி ஆலையில் செய்யப்போவதாக லெனோவா அறிவித்தது. சர்வர் என்பது அலமாரியில் அடுக்கும் பெரிய சிஸ்டம்தான். வீட்டு ஹாலை விட்டுப் போன பெரிய பெட்டி வேறோர் இடத்தில் இன்னும் பெரிதாகப் பிறக்கிறது என்று எனக்குப் பட்டது.

லேப்டாப் எங்கள் தெருவுக்கு வந்தது இந்த ஆலைகள் வழியாக இல்லை, வேறொரு வழியாக. அது புதுச்சேரிக்கே உரிய வழி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா குடும்பங்கள், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இங்கே ஏராளம். பிள்ளைகள் பாரிஸ் பக்கம் இருப்பார்கள். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு வரும்போது வாசனைப் புட்டி, சாக்லேட்டோடு தாங்கள் பயன்படுத்திய லேப்டாப் ஒன்றையும் கொண்டுவந்து சித்தப்பா வீட்டிலோ அத்தை வீட்டிலோ கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் தெருவில் முதல் மூன்று லேப்டாப்பும் அப்படி வந்தவைதான்.

அதைத் திறந்த பிள்ளைகள் திகைத்துப்போனார்கள். பிரான்சின் கீபோர்டு ‘அசெர்ட்டி’. நம் கீபோர்டில் ‘ஏ’ இருக்கும் இடத்தில் ‘க்யூ’ இருக்கும், ‘இசட்’ இருக்கும் இடத்தில் ‘டபிள்யூ’. ‘எம்’ தன் இடத்தை விட்டு ‘எல்’லுக்கு வலப்பக்கம் ஏறி உட்கார்ந்திருக்கும். எண் அடிக்க ஷிஃப்ட் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துகள் வரும். லிசே பிரான்சே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அது தாய்வீடு. அரசுப் பள்ளியில் படித்தவர்கள் தங்கள் பாஸ்வேர்டையே அடிக்க முடியாமல் தவித்தார்கள். பிளக்கும் அப்படித்தான். இரண்டு உருண்டைக் கால், நடுவில் ஓர் ஓட்டை. நம் பாயின்டில் அது ஆட்டம் கண்டுகொண்டே இருக்கும். சில சமயம் பொறியும். அடாப்டரிலிருந்து சுவருக்குப் போகும் வயரை மட்டும் இங்கே கிடைப்பதாக மாற்றினால் தீரும் பிரச்சினை. அது தெரியாமல் வருடக்கணக்கில் பிளக்கைப் புத்தகம் வைத்து முட்டுக்கொடுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மட்டும் அந்தக் கீபோர்டு தொல்லை தரவில்லை. நான் தமிழ்99 முறையில் அடிப்பவன். விரல்தான் எழுத்தைத் தேடுகிறது, கண் இல்லை. அசெர்ட்டியில் ‘அ’ விழும் பொத்தானில் ‘க்யூ’ என்று எழுதியிருக்கும், ‘ஆ’ விழும் பொத்தானில் ‘ஏ’ என்று எழுதியிருக்கும். எழுதியிருப்பதைப் பார்க்காதவனுக்கு இரண்டும் ஒன்றே. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பொதுவாக்கப்பட்ட விசைப்பலகை அது. பாரிஸிலிருந்து வந்த லேப்டாப்பில் முத்தியால்பேட்டைத் திண்ணையில் உட்கார்ந்து அதில் நான் கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அப்போதுதான் சிஸ்டத்துக்கும் லேப்டாப்புக்கும் உள்ள வேறுபாடு உறைத்தது. சிஸ்டத்தில் கீபோர்டு பிடிக்காவிட்டால் சில நூறு ரூபாயில் வேறு வாங்கிச் செருகலாம். லேப்டாப்பில் கீபோர்டும் திரையும் பேட்டரியும் ஒரே உடம்பு. ஒன்று சரியில்லை என்றால் முழுவதையும் பிரிக்க வேண்டும். அந்தப் பிரெஞ்சு லேப்டாப்புகளுக்கு நம் ஊர் கீபோர்டு வைக்க முயன்றவர்களுக்குப் பாகம் கிடைக்கவில்லை. பொத்தான்மேல் ஒட்டும் ஸ்டிக்கர் வாங்கிச் சமாளித்தார்கள். வேர்க்கும் விரலில் ஸ்டிக்கர் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை.

முத்தியால்பேட்டைக்கு வடக்கே கோட்டக்குப்பம். நடந்தே போய்விடலாம். ஆனால் அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். 2011 செப்டம்பர் 15-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் லேப்டாப் வந்தது. இந்தப் பக்கப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னாளில் புதுச்சேரி அரசும் கொடுத்தது. அந்தத் திட்டத்தைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மீன் விற்கும் வீட்டில், பீடி சுற்றும் வீட்டில், மேசை போட இடமில்லாத பத்துக்குப் பத்து அறையில் கணினி நுழைந்தது அதனால்தான். சிஸ்டத்துக்கு ஹால் வேண்டும், மேசை வேண்டும், தனி பாயின்ட் வேண்டும், யு.பி.எஸ். வேண்டும். லேப்டாப்புக்குப் பாய் போதும். எங்கள் வீட்டைப்போல ஹாலும் பி.எஃப். கடனும் உள்ளவர்களுக்கே இருந்த கணினியை, அவை இல்லாதவர்களுக்கும் கொண்டுபோனது மடிக்கணினி. சிஸ்டத்தின்மேல் எனக்குள்ள பிரியத்தை வைத்து இந்த உண்மையை மறைக்கக் கூடாது.

இனி கடலைப் பற்றி. புதுச்சேரியில் எந்தப் பொருளை வாங்கினாலும் கடலையும் வடகிழக்குப் பருவமழையையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கரையேறியபோது மரமும் கம்பமும் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சிஸ்டம் வைத்திருந்த எங்கள் கடை மூடிக்கிடந்தது. லேப்டாப் வைத்திருந்த ஒரு போட்டோக்காரர் பேட்டரி தீரும்வரை ஆல்பம் வேலை பார்த்து, ஜெனரேட்டர் ஓடிய கல்யாண மண்டபத்தில் போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தார். அன்றுதான் நானும் ஒரு லேப்டாப் வாங்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் வந்தது. கரையைத் தொட்டபின் நகராமல் ஊர்மேலேயே நின்று கொட்டியது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஆட்களை மீட்டது. நான் அப்போது ரெயின்போ நகரில் தரைத்தளத்தில் வேலைக்கென்று ஓர் அறை வைத்திருந்தேன். இரவு பத்து மணிக்குத் தண்ணீர் வாசற்படியைத் தொட்டது. லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மாடிக்கு எடுத்துப்போனேன். மானிட்டரை மேசைமேல் ஏற்றினேன். கீழே இருந்த சி.பி.யூ.வைத் தூக்கலாம் என்று வயர்களைப் பிடுங்கத் தொடங்கியபோது கரண்ட் போனது. இருட்டில் பிரின்டர் வயரும் நெட் வயரும் பின்னிக்கொண்டன. முட்டிவரை தண்ணீர். பாம்புக்குப் பயந்து விட்டுவிட்டு ஏறிவிட்டேன்.

மூன்றாம் நாள் கதவைத் திறந்தேன். கேபினெட்டுக்குள் சேறு. மதர்போர்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. எட்டு வருட வேலை, கல்யாணப் பத்திரிகை முதல் ஊர்க்காரர் ஒருவரின் முழு நூல் வரை அதற்குள். அந்த நூலின் பிழைதிருத்திய படி வேறெங்கும் இல்லை. உட்கார்ந்து அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பிறகு திருப்புளியை எடுத்தேன். நாலு திருகு. எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, சேற்றைக் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, நாலு நாள் நிழலில் உலர்த்தி, யு.எஸ்.பி. உறைக்குள் போட்டு லேப்டாப்பில் செருகினேன். எல்லா ஃபைலும் இருந்தன. பெட்டி செத்தது, உள்ளே இருந்தது பிழைத்தது. மாடிக்குப் போன லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த லேப்டாப் அடுத்த ஏப்ரலில் நின்றது. வெள்ளமில்லை, இடியில்லை. சார்ஜ் ஏறும் பகுதியில் ஒரு சின்னச் சில்லு போய்விட்டது. ராமும் டிஸ்க்கும் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டவை. போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகைக்குப் புதிய லேப்டாப் ஒன்றில் பாதி வாங்கலாம். ரப்பர் வைத்துத் தேய்க்க எதுவும் இல்லை. வெள்ளத்தில் முங்கியதிலிருந்து வேலையை எடுத்துவிட்டேன். முங்காததிலிருந்து எடுக்க முடியவில்லை.

இன்று ஹால்களில் சிஸ்டம் இல்லை. அந்த மேசையில் மீன்தொட்டியோ இஸ்திரிப்பெட்டியோ இருக்கிறது. மணிக்கு இருபது ரூபாய் வாங்கிய பிரவுசிங் சென்டர்கள் ஜெராக்ஸ் கடைகளாகிவிட்டன. சென்டாக் விண்ணப்பம் போடவும் ஆதார் நகல் எடுக்கவும் அங்கே மூலையில் ஒரு பழைய சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. பேனர் கடை, போட்டோ ஸ்டூடியோ, கணக்கு எழுதுபவர் மேசை, ஆஸ்பத்திரிச் சீட்டுப்போடும் இடம், வங்கி என்று உட்கார்ந்து செய்யும் வேலை இருக்கிற இடமெல்லாம் இன்றும் சிஸ்டம்தான். லாஸ்பேட்டைப் பக்கம் கேம் ஆடும் பையன்கள் கண்ணாடிச் சுவர் வைத்த கேபினெட்டில் விளக்குப் போட்டு, பாகம் பாகமாகத் தேடி வாங்கிச் சேர்க்கிறார்கள். ரிச்சி தெருவுக்கு நான் போன அதே மோகம் அவர்களிடம் இருக்கிறது. அவர்களைப் படிப்பு கெட்டவர்கள் என்று பெற்றோர் திட்டும்போது எனக்கு மனம் வலிக்கும். ஒரு கணினிக்குள் எது எங்கே இருக்கிறது என்று இந்த ஊரில் இன்று தெரிந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

மற்றபடி, கணினி மடிக்கும் படுக்கைக்கும் வந்துவிட்டது. 2020-ல் ஊரடங்கு வந்தபோது ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஆபீஸ், பிள்ளைகளுக்கு வகுப்பு, ஒரு லேப்டாப். சுவரில் அட்டவணை ஒட்டிப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. இருந்த வீட்டில் சண்டை, இல்லாத வீட்டில் போனின் விரல் நீளத் திரையில் படிப்பு. அன்று கழுத்தை வளைத்த பிள்ளைகள் இன்னும் நிமிரவில்லை. லேப்டாப்பின் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. திரை கண்ணுக்கு நேராக வந்தால் கை தோளுக்கு ஏறும், கை சரியாக இருந்தால் தலை குனியும். நாளெல்லாம் அதையே வைத்து வேலை பார்க்க நம் உடம்பு ஒத்துழைக்காது. டி.டி.பி. தொழிலில் கழுத்துப் பட்டையோடு திரியும் இளைஞர்களை இப்போது பார்க்கிறேன். பழைய ஆட்களிடம் அதை நான் பார்த்ததில்லை.

மின்சாரக் கணக்கில் லேப்டாப் ஜெயிக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். குண்டு மானிட்டரோடு எங்கள் பழைய சிஸ்டம் 180 வாட் இழுத்திருக்கும். நாளுக்கு நாலு மணி நேரம் என்றால் மாதம் 21 யூனிட்டுக்கு மேல். 40 வாட் லேப்டாப்புக்கு 5 யூனிட் போதும். மெல்லிய மானிட்டர் வந்தபின் சாதாரண சிஸ்டமும் 80 வாட்டுக்குள் அடங்கிவிட்டது. அதனால் கரண்ட் பில்லை மட்டும் வைத்து இன்று யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. ஒரே விலைக்குச் சிஸ்டம்தான் வேகமாக ஓடும். காற்று போக இடமிருப்பதால் சூடு தங்காது. நம் மே மாத வெயிலில் மெல்லிய லேப்டாப் சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ராம் விலை 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் ஏறத் தொடங்கியது. பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்று இடம் விட்டு வைத்திருக்கும் கணினிக்கு அதனால் இன்னும் மதிப்பு.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். பொண்ணு தினமும் பஸ் ஏறிப் பிள்ளைச்சாவடி போய் வர வேண்டியவள். பிராஜெக்ட்டுக்கு நாலு பிள்ளைகள் ஒன்றாக உட்கார வேண்டும். அவளுக்கு லேப்டாப்தான். ஆனால் கடையில் நிறத்தையும் எடையையும் பார்க்கும் முன் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். அடித்தகட்டைச் சாதாரணத் திருப்புளியால் திறக்க முடியுமா? ராம் போட இன்னொரு இடம் இருக்கிறதா? பேட்டரி தனியாகக் கிடைக்குமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் வாங்குங்கள், ஒன்றுக்கு இல்லை என்றாலும் அடுத்த கடைக்குப் போங்கள் என்றேன். அவள் 42,000-க்கு ஒன்று வாங்கினாள். கொஞ்சம் தடிமன்தான். மிச்சப் பணத்தில் பழைய மானிட்டர் ஒன்றும் கீபோர்டும் வாங்கி ஹாலில் வைக்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்தால் லேப்டாப்பை அதில் செருகிவிட்டு நிமிர்ந்து உட்கார வேண்டும், அதுவும் ஹாலில்.

சின்னவன் எட்டாவது படிக்கிறான். அவனுக்கு என் ஃபெஞ்சல் கேபினெட்டைக் கழுவிக் கொடுத்தேன். செகண்ட் ஹேண்டில் ஒரு மதர்போர்டும் ராமும் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திண்ணையில் உட்கார்ந்து அவனையே பூட்டவைத்தேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு நின்றுவிட்டதால் லினக்ஸ் ஏற்றினோம். முதல் தடவை திரை வரவில்லை. ‘பீப்’ சத்தம். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவனுடைய ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்து ரப்பரை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

புதுச்சேரியில் சிஸ்டம் வைத்திருக்கும் எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஐப்பசி பிறக்கும் முன் சி.பி.யூ.வைத் தரையிலிருந்து இரண்டடியாவது தூக்கி வையுங்கள். இருட்டில் பிடுங்கும்படி வயர்களைப் பின்னி வைக்காதீர்கள். வேலை செய்ததை வேறோர் இடத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.